பிரிட்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்: இந்தக் கோடையில் ஸ்விண்டன் போவோம்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் குழுவினருக்கும் வணக்கம்.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைக் காலையையும் ஊரார் பிள்ளைகளின் எழுத்துக்கும் வாசிப்புக்கும் கொடுக்கிறவர்கள் நீங்கள். உங்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்: இந்த ஆண்டுப் பள்ளிச் சுற்றுலாவுக்கு ஸ்விண்டனைத் தேர்ந்தெடுங்கள்.

நம் பிள்ளைகளை வின்சர் கோட்டைக்குக் கூட்டிப் போயிருக்கிறோம், லண்டன் டவருக்கும் போயிருக்கிறோம். எந்த அரசர் எங்கே குடியிருந்தார், எந்த அரசியின் தலை எங்கே விழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்த நாட்டில் கையால் உழைத்துப் பிழைத்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள், நோய் வந்தால் யாரிடம் போனார்கள், புத்தகத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். இதையெல்லாம் தெருத்தெருவாக நடந்தே காட்டிவிடக்கூடிய ஊர் ஸ்விண்டன்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கமிட்டியில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். எம்4 சாலையில் பிரிஸ்டல் போகிற வழியில், தள்ளுபடிக் கடைகளுக்காக வண்டியை நிறுத்துகிற இடமாகத்தான் நம்மில் பலருக்கு அந்த ஊர் பழக்கம். அந்த அவுட்லெட்டின் செங்கல் சுவர்களும் இரும்புத் தூண்களும் கடைகளுக்காக எழும்பியவை அல்ல. அவை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே (ஜி.டபிள்யூ.ஆர்.) கம்பெனியின் பணிமனைக் கட்டடங்கள். அந்தப் பணிமனை உச்சத்தில் இருந்தபோது 300 ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. ஏறத்தாழ 14,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

1840 வாக்கில் அந்த இடம் வெறும் மேய்ச்சல் நிலம். பக்கத்துக் குன்றின் மேல் பழைய சந்தை ஊர் ஒன்று இருந்தது. மக்கள்தொகை சுமார் 2,500. லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் பாதையைப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெல் போட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின்களுக்குப் பொறுப்பாக 1837-இல் அவர் வேலைக்கு எடுத்த டேனியல் கூச்சுக்கு அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். அவர்களைவிட ஏழெட்டு வயதே மூத்தவராக இருந்தபோது ஒரு நகரத்தின் இடத்தைக் குறித்தவர் அவர்தான்.

1840 செப்டம்பரில் கூச் புருனெலுக்கு எழுதிய கடிதத்தில், பணிமனைக்கு ஸ்விண்டனே பொருத்தம் என்றார். சும்மா தோன்றிய எண்ணம் இல்லை அது. க்ளஸ்டர் பக்கம் போகும் கிளைப்பாதை அங்கேதான் பிரிய இருந்தது. லண்டனிலிருந்து அதுவரை பாதை கிட்டத்தட்ட சமதளம். அதற்கு மேற்கே ஏற்ற இறக்கம், பாக்ஸ் சுரங்கம். சமதளத்தில் வேகமாக ஓடும் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஏற்றத்தில் இழுக்கும் இன்ஜினை மாட்ட அதுவே வசதியான இடம். பக்கத்திலேயே கால்வாய் ஓடியதால் நிலக்கரி படகில் வந்து இறங்கும். புருனெலும் கூச்சும் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாண்ட்விச்சை வீசியெறிந்து அது விழுந்த இடத்தில் பணிமனை கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள், சொல்லலாம். ஆனால் நிஜக் காரணம்தான் எனக்குச் சுவையாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படிக்கிற புவியியல், ஒரு ஊராகவே எழுந்து நின்றுவிட்டதே!

1843 ஜனவரியில் பணிமனை ஓடத் தொடங்கியது. ஆட்களை எங்கே தங்கவைப்பது? கம்பெனியிடம் காசு தட்டுப்பாடு. ரிக்பி என்ற ஒப்பந்தக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஸ்டேஷனையும் 300 வீடுகளையும் தாங்களே கட்டித் தருகிறோம். பதிலுக்கு ஸ்டேஷனிலுள்ள சிற்றுண்டிச் சாலையை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுங்கள். எல்லா ரயிலும் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்றார்கள். கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது. அந்தப் பத்து நிமிடம் அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் காலைக் கட்டிப்போட்டது. கடைசியில் 1895-இல் 1,00,000 பவுன் கொடுத்துத்தான் குத்தகையிலிருந்து மீள முடிந்தது. அங்கே கிடைத்த காபி பற்றி புருனெலே கடைக்காரருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. காபி மட்டமாக இருக்கிறது என்று தான் சொல்லியிருக்கவே முடியாது, காபி என்ற பொருள் அங்கே இருப்பதாகவே தனக்குத் தெரியாது என்கிறார். வறுத்த தானியத்தை வடித்துக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

அந்த 300 வீடுகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. நான் உங்களை வரச் சொல்வதே முக்கியமாக அவற்றுக்காகத்தான். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தாழ்வான வரிசை வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு துண்டுத் தோட்டம். பின்னால் குறுகிய சந்து. தெருப் பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள்: லண்டன், ரெடிங், ஆக்ஸ்போர்ட், பிரிஸ்டல், டான்டன், எக்ஸிட்டர். அந்த ரயில் போகிற ஊர்களெல்லாம் தெருக்களாக வரிசை கட்டி நிற்கும். நடுவே எம்லின் சதுக்கம். பிள்ளைகளைப் பின்சந்துக்குள் கூட்டிப் போய் இரண்டு கையையும் விரித்து அளக்கச் சொல்லுங்கள். வெளியே பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. தொடக்கத்தில் இவற்றில் பல இரண்டே அறை கொண்ட வீடுகள். வாடகையைச் சமாளிக்க வெளியாட்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்திருக்கின்றன. 1850களின் தொடக்கத்தில் டைஃபஸ் காய்ச்சல் இந்தத் தெருக்களில் புகுந்து உயிர்களை வாங்கியது.

நம் தாத்தா பாட்டிகளில் யாராவது பொன்மலையிலோ பெரம்பூரிலோ இரத்மலானையிலோ ரயில்வேயில் இருந்திருந்தால், இந்தத் தெருக்களில் நடக்கும்போது அவர்கள் வாயிலிருந்து கதை தானாக வரும். குவார்ட்டர்ஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, இன்ஸ்டிட்யூட், காலைச் சங்கு என்று நம் ஊர் ரயில்வே காலனிகளில் இருந்த ஒவ்வொன்றும் இங்கே அதற்கு முன்பே இருந்தவை. ஸ்விண்டன் பணிமனையின் சங்கு பல மைல் தூரம் கேட்கும். 1870களில் பக்கத்து லிடியார்டில் இருந்த போலிங்புரோக் பிரபு தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்தும் அதை நிறுத்த முடியவில்லை. அப்படிப்பட்ட தாத்தா பாட்டிகள் உங்கள் பகுதியில் இருந்தால் பேருந்தில் முதல் இருக்கையை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுதவைத்தது. 1847-இல் தொழில் மந்தம் வந்தது; பணிமனையில் ஆட்குறைப்பு. வேலை போனவர்களும் அரைக்கூலிக்காரர்களும் மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் தவித்தார்கள். அந்த ஆண்டு தொடங்கியதுதான் ஜி.டபிள்யூ.ஆர். மருத்துவ நிதி. ஒவ்வொருவர் கூலியிலிருந்தும் வாராவாரம் கொஞ்சம் பிடித்தம். கூடுதல் கூலிக்காரருக்குக் கூடுதல் பிடித்தம். அந்தப் பணத்தில் தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும் மருத்துவமும் மருந்தும். கம்பெனி கட்டடமும் இடமும் கொடுத்து உதவியது உண்மை. ஆனால் நிதி தொழிலாளர் காசு, அதை நடத்தியது அவர்களே தேர்ந்தெடுத்த குழு. 1870களின் தொடக்கத்தில் ஒரு சிறு மருத்துவமனை வந்தது. 1892-இல் மில்டன் சாலையில் நீச்சல்குளங்களும் மருந்தகமும் கொண்ட பெரிய கட்டடம் எழுந்தது. துருக்கிக் குளியல் அறைகளும் அங்கே சேர்ந்தன. பல் மருத்துவம், கண் மருத்துவம் என ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. பணிமனை விபத்தில் கை காலை இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகளைப் பணிமனையிலேயே செய்து கொடுத்தார்கள். ரயில் பெட்டிக்கு மரம் இழைக்கிற இடத்தில், கூட வேலை பார்த்தவனுக்கு ஒரு காலும் இழைத்திருக்கிறார்கள்.

1948-இல் தேசிய மருத்துவச் சேவை (என்.எச்.எஸ்.) வந்தபோது இந்த நிதி அதோடு கலந்துவிட்டது. அந்தச் சேவையைக் கொண்டுவந்த அமைச்சர் அனியூரின் பெவன் தன் சொந்த ஊரான ட்ரெடிகரின் தொழிலாளர் மருத்துவச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்பது தெரிந்ததே. ஸ்விண்டன்காரர்களோ, தங்கள் ஊரும் அவருக்கு ஒரு முன்மாதிரி என்று பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு ஊரும் தொழிலாளர் ஊர்கள்தாம், பெருமை எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சம்மதம். நம் வீடுகள் பலவற்றில் கதவோரக் கொக்கியில் ஒரு என்.எச்.எஸ். அடையாள அட்டை தொங்குகிறது. அம்மாவோ அப்பாவோ சித்தியோ இரவுப் பணிக்கு அதை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை அவர்கள் மில்டன் சாலையில் நின்று கேட்க வேண்டும்.

புத்தகத்துக்கு என்ன செய்தார்கள் என்றேன் அல்லவா? பணிமனை தொடங்கிய உடனேயே தொழிலாளர்கள் ஒரு சின்ன நூலகத்தை ஆரம்பித்தார்கள். அது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷனாக வளர்ந்தது. ‘நியூ ஸ்விண்டன் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி’ என்று ஒன்றை உருவாக்கிப் பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1855-இல் எம்லின் சதுக்கத்து நடுவில் அதற்குப் பெரிய கட்டடம் கட்டினார்கள். வாசக சாலை, விரிவுரை அரங்கு, மாலை வகுப்பு, நாடகம், நடனம் எல்லாம் அங்கேதான். அந்த நூலகம் அவ்வளவு நன்றாக நடந்ததால், நகராட்சி தன் பொது நூலகத்தைத் திறக்க 1943 வரை ஆனது.

ஊர் வளர்ந்த விதமும் நமக்கு அந்நியமானது அல்ல. 1861-இல் தண்டவாளம் உருட்டும் ஆலை வந்தபோது தென் வேல்ஸிலிருந்து இரும்புத் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். கேம்ப்ரியா பிளேஸ் என்ற தெருவில் குடியேறி, தங்களுக்கென்று ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம் கட்டி, அங்கே வேல்ஷ் மொழியில் வழிபட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் தாய்மொழி கேட்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்; உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிறிய தேவாலயத்தின் முன்னால் குழுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இந்த ஊருக்குக் கோவாக்காரர்களும் பெருந்திரளாக வந்து சேர்ந்தார்கள்.

ரயில் பெட்டி கட்டும் ஆலையை ஆக்ஸ்போர்டில் வைக்கத்தான் 1865-இல் கம்பெனி நினைத்தது. பல்கலைக்கழகத்தார் எதிர்த்தார்கள். ஆலையும் அதனோடு வந்த ஆயிரக்கணக்கான வேலைகளும் ஸ்விண்டனுக்கு வந்தன. அதன்பின் செங்கல் வரிசை வீடுகள் குன்றை நோக்கி ஏறத் தொடங்கின. 1900-இல் குன்றின் மேலிருந்த பழைய ஊரும் கீழேயிருந்த புது ஊரும் ஒரே நகராட்சியாயின. முதல் மேயர் ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட், பணிமனையின் பெரிய அதிகாரி. அப்போது மக்கள்தொகை சுமார் 45,000.

ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊரே காலியாகும். 1849-இல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன்காரர்கள் சுமார் 500 பேர் கம்பெனி கொடுத்த இலவச ரயிலில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ட்ரிப்’ என்ற அந்த ஜூலைப் பயணத்தில் 20,000 பேருக்கு மேல் கிளம்பினார்கள். விடியுமுன் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறப்பு ரயில்கள் புறப்படும், வேமத் கடற்கரை ஸ்விண்டன்காரர்களால் நிறையும். பயணம் இலவசம், அந்த வாரக் கூலி கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்புதான் கூலியோடு விடுமுறை வந்தது. திரும்பி வந்த வாரம் பல வீடுகளில் அடுப்பு எரிவதே கஷ்டம். கம்பெனி தாயாகப் பார்த்துக்கொண்டது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

அதற்குச் சாட்சி ஆல்ஃபிரட் வில்லியம்ஸ். பக்கத்துச் சவுத் மார்ஸ்டன் கிராமத்துக்காரர். சின்ன வயதிலேயே பணிமனையில் சேர்ந்து, கொல்லுப் பட்டறையில் நீராவிச் சம்மட்டியோடு இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இரவில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு எல்லாம் தானாகவே படித்தார்; கவிதை எழுதினார். உடம்பு கெட்டு 1914-இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு, பணிமனைக்குள் மனிதன் எப்படித் தேய்கிறான் என்று ஒரு புத்தகமே எழுதினார். புழுதி, சூடு, இரைச்சல், மேஸ்திரிகளின் அதிகாரம் எதையும் மறைக்கவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து இந்தியா போனவர், திரும்பி வந்து தானும் மனைவியுமாகச் செங்கல் சுமந்து ஒரு வீடு கட்டினார். அதற்கு வைத்த பெயர் ராணிகேத், ஓர் இந்திய மலையூரின் பெயர். பிறகு சமஸ்கிருதம் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். அந்த நூல் 1930-இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை, வறுமையில் போய்விட்டார். நம் வகுப்பறைகளில் குரங்கும் முதலையும் கதை சொல்கிறோம். அதே கதைத் தொகுப்பை ஸ்விண்டனில் ஒரு சம்மட்டித் தொழிலாளி எழுத்துக்கூட்டிப் படித்தார் என்பதை எந்தப் பாடத்திட்டமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முடிவும் தெரிந்திருக்க வேண்டும். 1960-இல் பிரிட்டிஷ் ரயில்வேக்கான கடைசி நீராவி இன்ஜின் ‘ஈவ்னிங் ஸ்டார்’ இங்கிருந்துதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வேலை சுருங்கிக்கொண்டே போனது. கிரேட் வெஸ்டர்னின் 150ஆம் ஆண்டு விழா நடந்த 1985-இலேயே பணிமனை மூடப்படும் என்று அறிவித்தார்கள். 1986 மார்ச் மாதம் சங்கு கடைசியாக ஊதியது. ஸ்விண்டன் அதோடு செத்துவிடவில்லை. 1952-இன் நகர வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் லண்டன் நெரிசலிலிருந்து மக்களை வரவழைத்து, ரயிலை மட்டும் நம்பியிராமல் வேறு ஆலைகளையும் அலுவலகங்களையும் முன்கூட்டியே கொண்டுவந்திருந்தார்கள். சவுத் மார்ஸ்டனில் ஹோண்டா வந்தது. 2021-இல் அதுவும் போனது. ஒரே முதலாளியை நம்பிய ஊர் என்ன பாடு படும் என்பதை இரண்டு முறை பார்த்த ஊர் இது. 2021 கணக்கெடுப்பில் ஸ்விண்டன் மாநகரப் பகுதியின் மக்கள்தொகை 2,30,000-ஐத் தாண்டியிருந்தது.

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, வழி. லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். ரயில் ஊரைப் பார்க்க ரயிலிலேயே வந்தால் நல்லது. ஸ்டேஷனிலிருந்து கல் வீடுகளுக்கு, அங்கிருந்து மில்டன் சாலைக்கு, கேம்ப்ரியா பிளேஸுக்கு; பிறகு தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக ‘ஸ்டீம்’ அருங்காட்சியகத்துக்கு. ஆயிரக்கணக்கானோர் காலையும் மாலையும் பணிமனைக்குள் போய்வந்த பாதை அது. அருங்காட்சியகத்தில் 1923-இல் இங்கே கட்டிய ‘கேர்ஃபிலி காஸில்’ இன்ஜின் நிற்கிறது. சின்னப் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவதுதான் பாடு. அவுட்லெட் பக்கத்திலேயே இருக்கிறது. பெற்றோர் அங்கே முதலில் நுழைந்துவிட்டால் நாள் போய்விடும், அதைக் கடைசியில் வையுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் பற்றியது. தொழிலாளர்கள் பங்கு வாங்கிக் கட்டிய அந்தக் கட்டடம் 1986-இல் பூட்டப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் கூரை ஒழுகிப் பாழ்பட்டது. உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்து அதை மீட்கப் பாடுபட்டு வருகிறார்கள். கல் வீடுகள் தப்பித்ததே 1960களில் நகராட்சி அவற்றை வாங்கிப் பழுது பார்த்ததால்தான். மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அதே ஊரில் அத்தாட்சி இருக்கிறது. சுற்றுலா முடிந்த வாரம், ஒவ்வொரு பிள்ளையும் ஸ்விண்டன் நகராட்சிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். மேலே தமிழில் நான்கு வரி, கீழே ஆங்கிலத்தில் அதன் பொருள். தாங்கள் பார்த்ததையும், அந்த நூலகக் கட்டடம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதட்டும். தமிழ் எழுத ஒரு உண்மையான காரணம் கேட்டுத்தானே ஒவ்வோர் ஆண்டும் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

சாப்பாட்டுக்கு ஓட்டல் தேட வேண்டாம். கல் வீடுகளை ஒட்டி ஃபாரிங்டன் சாலையில் பூங்கா இருக்கிறது. 1868 முதல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன் ஆண்டுதோறும் அங்கே பிள்ளைகளுக்கென்றே விழா நடத்தி, வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்திருக்கிறது. புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டி எடுத்து வாருங்கள். வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், உங்களோடு நடந்து வழிகாட்ட நான் ரெடிங்கிலிருந்து வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு பெற்றோர்